சிவப்பு வாளிக் கணக்கு

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டிய வாரத்தில் நான் மூன்று கிலோ வாங்கினேன். வீட்டில் நாலு பேர். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோ தாராளம். "நாளைக்கு இன்னும் ஏறும்க்கா, இப்பவே வாங்கிப் போட்டுக்கங்க" என்றார் காய்கறிக் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யில்லை, ஏறத்தான் செய்தது. சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே தக்காளி விற்ற நாட்கள் அவை. எங்கள் மதுரையில் வழக்கமாகப் பைக்குள் வந்து விழும் கொசுறு கறிவேப்பிலையும் மல்லித்தழையும்கூட நின்றுபோயிருந்தன. மல்லி வேண்டுமென்றால் தனியாகக் காசு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபிரிட்ஜின் அடித்தட்டை இழுத்தேன். பீன்ஸ் கவருக்கு அடியில் பத்துப் பன்னிரண்டு தக்காளி தோல் சுருங்கி, நீர் விட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பாதி நாட்டுத் தக்காளி, தோல் மெல்லியது. அதுதான் முதலில் போயிருந்தது, பக்கத்தில் இருந்த பெங்களூர் தக்காளியையும் கெடுத்துவிட்டது. எடுத்துத் தராசில் வைத்தேன். 740 கிராம். அந்த வாரம் நான் கொடுத்த விலைக்கு 81 ரூபாய்.

தராசு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். மகள் கேக் செய்யப் போகிறேன் என்று அடம்பிடித்து வாங்கியது. இரண்டு கேக்கோடு ஆர்வம் தீர்ந்து சமையலறை மூலையில் கிடந்தது. ஐந்து கிலோ வரை நிறுக்கும். அதற்கு முந்தைய திங்கள், ஜூலை 10 முதல் ஒரு வாரம், வீட்டில் எதையெல்லாம் எறிகிறோம் என்று நிறுத்துப் பார்ப்பது என்று ஆரம்பித்திருந்தேன். மளிகைச் சாமான் பில்லைப் பார்த்து வந்த எரிச்சல்தான் காரணம். துவரம் பருப்பு, பால், காய் எல்லாமே ஏறிக்கொண்டிருக்க, எதைக் குறைப்பது என்று வீட்டில் தினமும் ஒரு பஞ்சாயத்து. நான் வாங்குவதைக் குறைக்கச் சொன்னேன், என் வீட்டுக்காரர் ஓட்டலைக் குறைக்கலாம் என்றார், அத்தை எதையும் குறைக்க வேண்டாம், எல்லாரும் ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும் என்றார்.

இரண்டு பழைய பெயிண்ட் வாளி எடுத்துக் கழுவினேன். பச்சை வாளியில் தின்ன முடியாதவை: வாழைப்பழத் தோல், முருங்கைக்காய்ச் சக்கை, மாங்கொட்டை, டீத்தூள். சிவப்பு வாளியில், நேரத்துக்கு எடுத்திருந்தால் தின்றிருக்கக் கூடியவை. தினமும் ராத்திரி பாத்திரம் கழுவியதும் இரண்டையும் நிறுத்து நோட்டில் எழுத வேண்டும். முதல் வாரம் யாரும் எதையும் மாற்றிக்கொள்ளக் கூடாது, எப்போதும் போல இருக்க வேண்டும் என்பது விதி.

"குப்பைய எவளாவது நிறுத்துப் பாப்பாளா?" என்றார் அத்தை. ஆனால் இரண்டாம் நாளே அவர்தான் நடுவர் ஆகிவிட்டார். பீர்க்கங்காய்த் தோலை நான் பச்சை வாளியில் போட்டேன். அவர் எடுத்துச் சிவப்பில் போட்டார். "இது துவையலுக்கு ஆகும்ல?" அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, இரண்டு வாளிக்கும் நடுவில் இருக்கும் கோடு காய்க்குள் இல்லை, சமைக்கிற ஆளிடம்தான் இருக்கிறது என்று. வாழைக்காய்த் தோல், தர்பூசணியின் வெள்ளைச் சதை, காலிஃபிளவர்த் தண்டு, பலாக்கொட்டை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. உருளைக்கிழங்குத் தோலுக்கு மட்டும் இல்லை. நாங்கள் கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: இந்த வீட்டில் போன ஒரு வருசத்தில் ஒரு தடவையாவது சமைத்துச் சாப்பிட்டிருந்தால் அது சிவப்பு.

முதல் வாரக் கணக்கு: பச்சை 3.9 கிலோ, சிவப்பு 3.6 கிலோ.

சிவப்பில் இருந்தவை நோட்டில் உள்ளபடி: தக்காளி 740 கிராம், சோறு 640, இட்லி மாவு 600, சாம்பாரும் கூட்டும் 480, அரைக்கீரை ஒரு கட்டு 350, பீன்ஸ் 200, தயிர் 200, தேங்காய் மூடி ஒன்று 180, மல்லியும் புதினாவும் 110, சின்ன வெங்காயம் 100. வாங்கிய விலையையும் சமைத்த செலவையும் உத்தேசமாகப் போட்டால் 249 ரூபாய். வருசத்துக்குப் பெருக்கினால் பதின்மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

பிற்பாடு, 2024-இல் ஐநா சுற்றுச்சூழல் திட்டம் வெளியிட்ட உணவு வீணாக்கம் பற்றிய அறிக்கையில் இந்திய வீடுகளுக்கு ஆளுக்கு வருசம் 55 கிலோ என்று மதிப்பிட்டிருந்தார்கள். உலகச் சராசரி 79. தோல், எலும்பு, கொட்டை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. நாலு பேர் வீட்டுக்கு வாரம் நாலே கால் கிலோ வருகிறது. எங்கள் வீட்டில் இரண்டு வாளியும் சேர்த்து ஏழரை. மாம்பழ சீசன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். மாங்கொட்டை பச்சை வாளிக்குத்தான் கனம் சேர்த்தது, சிவப்புக்கு இல்லை.

நான் எதிர்பார்த்தது தட்டில் மிச்சம் வைப்பதுதான் பெரிய குற்றவாளி என்று. மகளைத் திட்டுவதற்குத் தயாராக இருந்தேன். தட்டு மிச்சம் என்று ஒன்றுமே இல்லை. சிவப்பு வாளியில் மூன்றில் இரண்டு பங்கு, ஏறக்குறைய 2.4 கிலோ, "ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் கெடாது" என்று நம்பி உள்ளே வைத்த பொருள்கள். அப்போதுதான் ஃபிரிட்ஜ் மேல் சந்தேகம் வந்தது.

ஃபிரிட்ஜ்

பதினொரு வருசத்துப் பெட்டி. ஒற்றைக் கதவு, மேலே ஐஸ் பெட்டி, கீழே காய்த்தட்டு. கதவைத் திறந்தால் லைட் எரிகிறது, ஐஸ் உறைகிறது, அதனால் நன்றாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம். உள்ளே எத்தனை டிகிரி என்று யாரும் பார்த்ததில்லை.

சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். சும்மா தட்டில் வைத்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் முள் ஆடும். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் பால் எடுக்கக் கதவைத் திறந்த உடனே பார்க்க வேண்டும். பார்த்தேன். பதினொன்றரை டிகிரி. நாலைந்துக்குள் இருக்க வேண்டியது. மாவு மூன்றாம் நாளே புளித்ததற்கும் தயிர் தண்ணீர் விட்டதற்கும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

முதலில் செய்த தப்பு, திருகைக் கூட்டியது. மூன்றிலிருந்து ஐந்துக்கு வைத்தேன். உள்ளே ஒன்பது டிகிரி வந்தது, ஆனால் ஐஸ் பெட்டியைச் சுற்றி விரல் தடிமனுக்கு வெள்ளைப் பனி ஏறிவிட்டது. அவ்வளவு பனி இருந்தால் குளிர் கீழே இறங்காது. மோட்டார்தான் நிற்காமல் ஓடும். பனி ஏறுகிறது என்றால் வெளிக்காற்று எங்கிருந்தோ உள்ளே வருகிறது, அதன் ஈரம்தான் உறைகிறது. அதாவது கதவு சரியாக மூடவில்லை.

இதைக் கண்டுபிடிக்கப் பத்து ரூபாய் நோட்டு ஒன்று போதும். நோட்டைக் கதவு இடுக்கில் பாதி வெளியே தெரிய வைத்து மூடி, மெதுவாக இழுக்க வேண்டும். பிடித்து இழுத்து வந்தால் அந்த இடத்தில் ரப்பர் நன்றாக இருக்கிறது. கைப்பிடிப் பக்கம் மேலிருந்து கீழ்வரை நோட்டு கிழிந்துவிடும் போல இழுத்தது. மேல்பக்கம் சுமார். கீல் பக்கம், கீழ் மூலையில், நோட்டு தானாகவே கீழே விழுந்தது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பர் மடிப்புக்குள் மாவு வடிந்து காய்ந்து, கறுப்புப் பூஞ்சை பிடித்து, கட்டியாக இருந்தது. பதினொரு வருசமாக அந்த மூலையைத் துடைத்தவர் யாரும் இல்லை. வெளியே தெரிகிற கதவை மட்டும் வாரா வாரம் பளபளப்பாகத் துடைத்திருக்கிறோம்.

வெந்நீரில் கொஞ்சம் சோப்பு, பழைய டூத்பிரஷ், ஒரு மணி நேரம். மடிப்பு மடிப்பாகப் பிரித்துத் தேய்த்தேன். அமுங்கிப்போன இடத்தை மகளின் ஹேர் டிரையரால் மிதமாகச் சூடுகாட்டி, கையால் வெளியே இழுத்து விட்டேன். ரப்பர் சூட்டில் இளகி உப்பும். ஆறும்வரை கதவை மூடி வைத்தால் அந்த வடிவத்தில் நிற்கும். ரொம்ப நெருக்கிக் காட்டினால் உருகிவிடும், அது வேறு கதை. மறுநாள் காலை ஏழரை டிகிரி. பழைய பதினொன்றரையிலிருந்து நாலு டிகிரி இறங்கியிருந்தது.

ஆனால் அந்தக் கீழ் மூலையில் நகம் அளவுக்கு ஒரு கிழிசல் இருந்தது. அதை ஹேர் டிரையர் ஒன்றும் செய்ய முடியாது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு, "பழைய வண்டிக்கா, புதுசு வாங்கிடுங்க" என்றார். ரப்பர் மட்டும் மாற்ற எவ்வளவு என்று கேட்டதற்கு ஆயிரத்து எண்ணூறு சொன்னார். கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த மாடல் நம்பரை போட்டோ எடுத்துக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். அறுநூறு ரூபாய்க்குக் கிடைத்தது. சுருட்டிக் கொடுத்திருந்தார்கள், மடிந்த இடமெல்லாம் கோடு விழுந்திருந்தது. பெரிய டப்பில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றிக் கால் மணி நேரம் ஊற வைத்தால் மடிப்பு போய்விடும் என்று கடைக்காரரே சொன்னார். போனது.

மாற்றும் வேலையில்தான் மானம் போனது. எங்கள் ஃபிரிட்ஜில் ரப்பரின் உள்விளிம்பைத் தூக்கினால் அடியில் வரிசையாக ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூதான் ரப்பரைப் பிடித்திருக்கிறது. கதவின் உள்பக்கத்துப் பிளாஸ்டிக் பலகையையும் அதேதான் பிடித்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வேலை சுத்தமாக இருக்கட்டும் என்று எல்லா ஸ்க்ரூவையும் கழற்றிக் கிண்ணத்தில் போட்டேன். கடைசி ஸ்க்ரூ வந்ததும் முட்டைத் தட்டோடு, பாட்டில் வைக்கும் கம்பியோடு, மொத்தப் பலகையும் என் மடியில் வந்து விழுந்தது. உள்ளே இருந்த பஞ்சு எட்டிப் பார்த்தது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை.

சரியான முறை: ஸ்க்ரூக்களைக் கழற்றக் கூடாது, நாலைந்து சுற்றுத் தளர்த்தினால் போதும். பழைய ரப்பர் தானாக நழுவி வரும்; புதியதன் விளிம்பை அந்த இடுக்கில் செருகி, முதலில் நாலு மூலை, பிறகு நடுப்பகுதி என்று முறுக்க வேண்டும். ஒரு பக்கமாகவே முறுக்கிக்கொண்டு போனால் கதவு கோணிக்கொள்ளும். எனக்குக் கோணியது. மறுபடி தளர்த்தி, கதவை மூடி அமுக்கிப் பிடித்துச் சரிசெய்து, திறந்து முறுக்கி, இப்படி மூன்று தடவை. ராத்திரி பதினொன்றுக்கு நோட்டு நாலு பக்கமும் இழுத்துப் பிடித்தது. திருகு நாலில், காலையில் ஐந்து டிகிரி. (சில ஃபிரிட்ஜ்களில் ஸ்க்ரூவே கிடையாது, வெறும் பள்ளத்தில் அழுத்திச் செருகும் ரப்பர். அந்தப் பாக்கியசாலிகளுக்கு இந்தப் பத்தி தேவையில்லை.)

அதே வாரம் இன்னொன்றும் செய்தேன். கண்ணுக்கு நேராக உள்ள தட்டில் ஒரு எவர்சில்வர் தாம்பாளம். பாதி வெட்டிய வெங்காயம், ஒரு கரண்டி குழம்பு, மூன்று நாள் ஆன தயிர், எது முதலில் காலியாக வேண்டுமோ அது அந்தத் தாம்பாளத்தில். சமைக்கப் போகிறவர் கீழ்த்தட்டைத் திறக்கும் முன் இதைப் பார்க்க வேண்டும். எவ்வளவு சின்ன விஷயம். சிவப்பு வாளி பாதியாக இறங்கியது ரப்பராலா தாம்பாளத்தாலா என்று என்னால் சொல்ல முடியாது, இரண்டையும் ஒரே வாரத்தில் செய்துவிட்டேன். பந்தயம் கட்டச் சொன்னால் தாம்பாளத்தின் மேல் கட்டுவேன்.

மாவு

நாலு உழக்கு அரிசி, ஒரு உழக்கு உளுந்து. ஞாயிறு அரைத்தால் வெள்ளிவரை. இதுதான் பல வருசப் பழக்கம். வியாழக்கிழமை மாவு நாக்கில் வைக்க முடியாது. வெள்ளிக்கிழமை யாரும் பார்க்காதபோது சிங்க்கில். அரைப்பதைப் பாதியாகக் குறைத்து வாரத்துக்கு இரண்டு தடவை அரைக்கலாம்தான். புதன்கிழமை வேலை முடிந்து வந்து கிரைண்டர் கழுவ எனக்குத் தெம்பு இல்லை.

அத்தை சொன்ன வழி, அரைத்த மாவில் பாதியை உப்புப் போடாமல், பொங்க விடாமல், அப்போதே ஃபிரிட்ஜில் வைப்பது. மீதிப் பாதி மட்டும் வெளியே புளிக்கட்டும். புதன்கிழமை உள்ளே இருப்பதை எடுத்து உப்புப் போட்டுக் கரைத்து வைத்தால் வியாழன் காலை புது மாவு. பழைய பதினொன்றரை டிகிரி ஃபிரிட்ஜில் இது நடக்காது, உள்ளேயே புளித்துவிடும். ஐந்து டிகிரியில் மூன்று நாள் அசையாமல் இருந்தது.

முதல் தடவை புதன் ராத்திரி பத்து மணிக்கு எடுத்து வைத்தேன். காலையில் மாவு பொங்கவே இல்லை. இட்லி கல். குளிர்ந்த மாவு அறைச் சூட்டுக்கு வரவே மூன்று நாலு மணி நேரம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் புளிக்கத் தொடங்கும். இப்போது ஆறு மணிக்கு வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றும் முன் மாவை எடுத்து வெளியே வைக்கிறேன். அகலமான பாத்திரத்தில் மாற்றி வைத்தால் இன்னும் சீக்கிரம்.

அப்படியும் புளித்துப்போனால் பணியாரக் கல். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கடுகு தாளித்துக் கொட்டி, ஒரு கைப்பிடி ரவை. புளிப்பு அங்கே குறையாகத் தெரியாது.

மல்லித்தழை

கொசுறாக வந்த காலத்தில் மல்லியைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. காசு கொடுத்து வாங்கியதும் மரியாதை வந்துவிட்டது. ஒரே கடையில் ஒரே நாளில் மூன்று கட்டு வாங்கி மூன்று விதமாக வைத்தேன். கடைக் கவரோடு வைத்தது மூன்றாம் நாள் வழவழப்பானது. வேரோடு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி மேலே கவர் கவிழ்த்து ஃபிரிட்ஜ் கதவில் வைத்தது ஒன்பது நாள். வேரை வெட்டி, கழுவாமல், பழுத்த இலை பொறுக்கி, காகிதத்தில் சுற்றி டப்பாவில் போட்டது பதினொரு நாள். நாலாம் நாள் காகிதம் நனைந்திருந்ததை மாற்றினேன். ஈரம் இலைமேல் நிற்கக் கூடாது, இலையும் காயக் கூடாது, அவ்வளவுதான் ரகசியம். டம்ளர் முறை பார்க்க அழகு, ஆனால் கதவை இழுக்கும் வேகத்தில் இரண்டு தடவை கவிழ்ந்தது. காகிதம்தான்.

கீரைக்கு ஈரத் துணி. அதையும் இரண்டு நாளுக்கு மேல் நம்பாதீர்கள். கீரை பக்கத்தில் தக்காளியோ வாழைப்பழமோ வைக்க வேண்டாம், பழம் விடும் எத்திலீன் வாயுவில் இலை மஞ்சளாகும்.

மண்பானைக்குள் மண்பானை வைத்து நடுவில் ஈர மணல் போடும் குளிர்ப்பானை ஒன்றும் செய்து பார்த்தேன். நைஜீரிய ஆசிரியர் முகமது பா அப்பா அந்த ஊருக்காகச் செய்து பரப்பியது. அங்கே காற்று வறண்டது, தண்ணீர் வேகமாக ஆவியாகும், குளிரும். மதுரையில் வெயில் மத்தியானம் வெளியே 36, பானைக்குள் 28. மழை மேகம் கூடிய சாயங்காலம் வித்தியாசம் இரண்டு டிகிரிதான். கத்தரிக்காயும் சுரைக்காயும் நாலு நாள் வாடாமல் இருந்தன. தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் பரவாயில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு வாரம்தான் ஓடியது. இப்போது அதில் சோற்றுக் கற்றாழை இருக்கிறது.

சோறும் சாம்பாரும்

சோற்றுக்கு வழி வீட்டிலேயே இருந்தது, நாங்கள்தான் மறந்திருந்தோம். மிச்சச் சோற்றில் ராத்திரியே தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு. ஜூலையில் அதைத் தொடாத மகள், மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் வைத்துக் கொடுத்ததும் சாப்பிட ஆரம்பித்தாள். ஒன்று மட்டும்: மத்தியானம் வடித்த சோறு ராத்திரிவரை அடுப்பு மேடையில் மூடிக் கிடந்து, அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றினால் கெட்ட வாடை வரும். ராத்திரி வடித்ததை ஆறியதும் ஊற்ற வேண்டும்.

கூட்டு விஷயத்தில் அத்தை செய்வதைக் கவனித்துக் கற்றுக்கொண்டேன். பருப்பும் காயும் வெந்ததும் பாதியைத் தனிப் பாத்திரத்தில் எடுத்துவிடுகிறார். மீதிக்கு மட்டும் தேங்காய் அரைத்து ஊற்றுகிறார். எடுத்து வைத்தது மறுநாள் தாளிப்புக்கும் தேங்காய்க்கும் காத்திருக்கும், அல்லது மிளகு சீரகம் போட்டு வேறு குழம்பாகும். தேங்காய் சேர்ந்த எதுவும் எங்கள் ஊர் வெயிலில் சாயங்காலத்தைத் தாண்டாது. இருபது வருசமாக என் கண்முன் நடந்தது இது. "இன்னும் தேங்காய் ஊத்தணுமே, ஏன் பாதியோட நிறுத்துறாங்க" என்று மட்டும் நினைத்திருக்கிறேன்.

வத்தல்

செப்டம்பரில் தக்காளி விழுந்தது. ஜூலையில் நூற்றுப் பத்துக்கு வாங்கிய அதே கடையில் பதினைந்து ரூபாய். பறிக்கும் கூலிக்கே கட்டவில்லை என்று விவசாயிகள் சொல்லும் விலை. இரண்டு மாதம் முன் எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்காத பொருள், தேக்கி வைக்க முடியாது என்ற ஒரே காரணத்தால் தெருவுக்கு வருகிறது. நானும் தேக்கி வைக்கப் பார்ப்போம் என்று ஐந்து கிலோ வாங்கினேன். இந்த முறை ஃபிரிட்ஜுக்கு இல்லை, மொட்டை மாடிக்கு.

வட்டமாக, இரண்டு நாணயத் தடிமனுக்கு வெட்டி, உப்புத் தூவி, நாலு தாம்பாளத்தில் பரப்பி, மேலே பழைய வேட்டி. முதல் நாள் நல்ல வெயில், ஓரமெல்லாம் சுருண்டது. இரண்டாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு மேகம், நாலு மணிக்கு இடி. நான் ஆபீஸில். அத்தை மூன்று தாம்பாளத்தை இறக்கிவிட்டார், நாலாவதற்குள் மழை முந்திக்கொண்டது. நனைந்ததைத் துடைத்து ஃபேன் காற்றில் வைத்தேன். மறுநாள் காலை வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூஞ்சை. முழுத் தாம்பாளமும் சிவப்பு வாளிக்கு. நோட்டில் அந்த வாரம் அதைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், சேர்த்தேன்.

மீதி மூன்று தாம்பாளம் நாலு நாள் காய்ந்து, ஒடித்தால் ஒடியும் பதத்துக்கு வந்தபோது 235 கிராம். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பங்கு தண்ணீர்தானே. தோல் மாதிரி வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், டப்பாவில் போட்டால் பூக்கும். ரசத்துக்கு நாலு துண்டு போதும். நிறம் கறுத்திருக்கும், புளிப்பு சரியாக இருக்கும். சட்னிக்கு ஆகாது, செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அத்தைக்கு இந்தத் தக்காளி வத்தலில் பெரிய மரியாதை இல்லை. கொத்தவரங்காயும் சுண்டக்காயும்தான் வத்தல் போடப் பிறந்தவை என்பது அவர் கட்சி. உப்பு மோரில் ஊற வைத்து, காய வைத்து, மறுபடி ஊற வைத்து. மாசி, பங்குனி வெயிலில் போட வேண்டியதைப் புரட்டாசியில் போட்டால் இப்படித்தான் என்றார். அவர் சொன்னது சரிதான், ஆனால் மாசியில் தக்காளி பதினைந்து ரூபாய்க்கு விற்குமா என்று யாருக்குத் தெரியும்.

நோட்டின் கடைசிப் பக்கங்கள்

சிவப்பு வாளி, வாரக் கணக்கில்: முதல் வாரம் 3.6. இரண்டாவது 3.1. மூன்றாவது 2.4, அது பெரும்பாலும் நிறுத்துப் பார்க்கிறோமே என்ற வெட்கத்தால். ரப்பரும் தாம்பாளமும் வந்த நாலாம் வாரம் 1.6. எட்டாவது வாரம் ஊரிலிருந்து ஆறு பேர் வந்து தங்கினார்கள், 2.9, விருந்தாளிக்குக் குறைத்துச் சமைக்க எந்தத் தராசும் உதவாது. நனைந்த தக்காளி விழுந்த பதினொன்றாம் வாரம் 2.3. பன்னிரண்டாவது வாரம் 0.9, இதுவரை அதுதான் குறைந்தது.

காசைப் பற்றிக் கேட்டால், வாரத்துக்கு 249 ரூபாயாக இருந்தது எழுபது எண்பதுக்கு வந்திருக்கிறது. ரப்பருக்கும் தெர்மாமீட்டருக்கும் போட்டது ஐந்தாறு வாரத்தில் திரும்பிவிட்டது. மொத்த மளிகைச் செலவு குறைந்ததா என்றால் இல்லை, பருப்பு விலை அதைத் தின்றுவிட்டது. கரண்ட் பில்லில் வித்தியாசம் தெரிந்தது, ஆனால் ஃபேன் ஓட்டம் குறைந்த மாதங்கள் அவை, அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. வாங்கும் விதம் மாறிவிட்டது. ஞாயிறு பெரிய பையோடு போவதை நிறுத்திவிட்டு, வாரத்தில் இரண்டு காலை அண்ணா நகர் உழவர் சந்தைக்குச் சின்னப் பையோடு போகிறேன். 1999 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையாகத் திறந்தது இது. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தும் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே போய்க்கொண்டிருந்தேன். அரைக்கிலோ கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. கால் கிலோ கேட்டால் கொஞ்சம் சுளிப்பார்கள்.

பதினைந்தாவது வாரம் நவராத்திரி. எங்கள் வீட்டில் கொலு இல்லை, ஆனால் தெருவில் ஏழு வீட்டில் உண்டு. தினமும் சாயங்காலம் அத்தையும் மகளும் இரண்டு மூன்று வீடு போய்வந்தார்கள். வரும்போது கையில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், அப்புறம் சுண்டல் பொட்டலம். கொண்டைக்கடலை, பட்டாணி, காராமணி, மறுபடி கொண்டைக்கடலை. எல்லாவற்றிலும் தேங்காய்த் துருவல். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு யாருக்கும் வயிற்றில் இடமில்லை. காலையில் தொட்டால் நூல் விடுகிறது. தாம்பாளம் நிரம்பி, தாம்பாளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தாம்பாளம் வந்தது. வாரக் கடைசியில் சிவப்பு வாளி 2.7 கிலோ.

கெடும் முன் எடுத்த இரண்டு பொட்டலத்தை அத்தை துருவலைத் தட்டிவிட்டு, கழுவி, அடை மாவோடு சேர்த்து அரைத்தார். நன்றாகத்தான் இருந்தது. "அடுத்த வருசம் நம்ம வீட்டுலயும் கொலு வைப்போம். தேங்காய் போடாம சுண்டல் பண்ணிக் குடுப்போம், யார் வீட்லயும் கெடாது" என்றார்.

"தேங்காய் இல்லாத சுண்டல யாரு பாட்டி வாங்குவா?" என்றாள் மகள், அடையைத் தின்றுகொண்டே.